சரி, வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க?

மெடிக்கல் வைத்திருப்பவனிடம் ஊர் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். "எவ்வளவு ஆச்சு?", "இதே மாத்திரை வேற கம்பெனியில விலை குறைச்சலா இருக்கா?" மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. இதை எப்படிச் சாப்பிட வேண்டும்? அதைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், தானும் தலையாட்டிவிட்டு வந்தாயிற்று. மறுபடி கேட்டால் இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். பின்னால் வேறு நாலு பேர் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் கவரை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் படிப்பு, முடித்தவன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடை. எதிரே பஸ் ஸ்டாப், பக்கத்தில் டீக்கடை. சுற்றி இருக்கிற கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் இதுதான் கிட்டத்து மெடிக்கல். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மொத்தமாக வருவார்கள். அந்த ஒரு மணி நேரம் பேச்சுக்கே இடமில்லை. வெட்டி, கட்டி, கவரில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கவர் என்று நாங்கள் சொல்வது மாத்திரை போட்டுத் தரும் அந்தச் சின்னக் காகித உறையை. மேலே கடைப் பெயர். கீழே காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். ஓரத்தில் சாப்பாட்டுக்கு முன், பின். கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டால் ஒரு மாத்திரை, பாதிக் கோடு போட்டால் அரை. எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியும். இதை முதலில் அச்சடித்தவர் யாரோ, நல்லா இருக்கட்டும். டாக்டர் சீட்டில் இருப்பதோ 1-0-1. அதைக் காட்டி, "நூத்தியோரு மாத்திரையும் இப்பவே வாங்கணுமாய்யா?" என்று கேட்ட ஆச்சி உண்டு. சிரிப்பு வந்தாலும் சிரிக்க நியாயமில்லை. மூன்று எண்ணை வரிசையாக எழுதி, அது காலை, மதியம், இரவு என்று நமக்குள் பேசி வைத்துக்கொண்டது நாங்கள். அந்தப் பேச்சில் ஆச்சி இல்லை.

கவரின் சாமர்த்தியமும் ஒரு எல்லையோடு நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு நாள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் மாத்திரை எழுதுகிறார்கள் அல்லவா, அது வாரம் ஒன்று போட வேண்டியது. பெரும்பாலும் நாலு மாத்திரை உள்ள அட்டையாக வரும். நாலே நாளில் காலி செய்துவிட்டு, "நல்லாக் கேட்டுச்சு தம்பி, இன்னொரு அட்டை குடு" என்று வருபவர்களை எந்த மெடிக்கல்காரரும் பார்த்திருப்பார். தினமும் மாத்திரை போட்டுப் பழகியவருக்கு மாத்திரை என்றாலே தினமும்தான். டாக்டர் சொன்ன 'வாரம் ஒண்ணு' காதில் விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்ததும் பழக்கம் ஜெயித்துவிடும்.

சொன்னதைத் திருப்பிச் சொல்பவர்கூட வீட்டில் சரியாகச் செய்வார் என்று நம்ப முடியாது. ஒரு நாள் ஓர் இளம் தகப்பன் வந்தார். மூன்று வயது மகளுக்கு ஆன்டிபயாடிக் டிரை சிரப் எழுதியிருந்தது. பாட்டிலின் அடியில் பொடி மட்டும் இருக்கும், தண்ணீர் சேர்த்துக் கலக்க வேண்டும். சொன்னேன். நன்றாகவே திருப்பிச் சொன்னார்: "கொதிக்க வச்சு ஆறின தண்ணி, கோடு வரைக்கும், குலுக்கணும், அஞ்சு மில்லி ரெண்டு வேளை." பத்தாவது படித்தவர், தெளிவான ஆள். ஏதோ தோன்றி, "கோடு எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். லேபிளின் கீழ் விளிம்பைக் காட்டினார். கோடு உண்மையில் பாட்டிலின் மேல்பக்கம், பிளாஸ்டிக்கோடு சேர்ந்து லேசாகப் புடைத்திருக்கும் வளையம். லேபிளில் அதற்கு நேராக ஓர் அம்புக்குறியும் உண்டு. கடை டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

அவர் காட்டிய கோடு வரைக்கும் மட்டும் தண்ணீர் விட்டிருந்தால் மருந்து இரண்டு மடங்குக்குப் பக்கமாகக் கெட்டியாகியிருக்கும். அதோடு முடியவில்லை. வளையம் வரைக்கும் தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரை அடங்கியதும் மட்டம் இறங்கிவிடும். மறுபடி கொஞ்சம் விட்டுக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டாவது தண்ணீரைப் பற்றி நானும் சொல்லியிருக்கவில்லை, லேபிளிலும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அஞ்சு மில்லி எதில் அளப்பீர்கள் என்றதற்கு, "ஸ்பூன்லதான்" என்றார். எந்த ஸ்பூன்? சீனி போடுகிற ஸ்பூனா, உப்புமா சாப்பிடுகிற ஸ்பூனா? மூடியோடு வரும் சின்ன அளவு கப்பை எடுத்து 2.5, 5 என்ற கோடுகளைக் காட்டினேன். கடைசியாக அவரே கேட்டார்: "அஞ்சு நாள் குடுத்துட்டு மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வச்சுக்கிடலாம்லா?" கலக்கிய மருந்துக்கு ஆயுள் பெரும்பாலும் ஒரு வாரம்தான். சில வகையை ஃபிரிட்ஜில் வேறு வைக்க வேண்டும். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. வெளியிலேயே வைக்கக்கூடிய வேறு மருந்து எழுதித் தர முடியுமா என்று அப்போதே டாக்டருக்குப் போன் போட்டேன். அவரும் மாற்றிக் கொடுத்தார்.

இந்த இடைவெளியை, அதாவது வாய் சொல்வதற்கும் கை செய்வதற்கும் நடுவில் இருப்பதை, அமெரிக்காவில் எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு. மருந்து பாட்டிலில் 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை' என்று எழுதிக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். வாசிப்புத் திறன் குறைந்த நோயாளிகளில் நூற்றுக்கு 71 பேர் சரியாகச் சொன்னார்கள். சரி, ஒரு நாளைக்கு உண்டான மாத்திரையை எண்ணி எடுத்து வையுங்கள் என்றபோது நாலு மாத்திரையை எடுத்து வைத்தவர்கள் 35 பேர். பாதிப் பேர் அங்கேயே உதிர்ந்துவிட்டார்கள். எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், லேபிளும் இங்கிலீஷ். நம் ஊரில் லேபிள் ஒரு மொழி, வாய் ஒரு மொழி.

எனவே 'புரிஞ்சுதா?' என்ற கேள்வியை நான் மதிப்பதில்லை. அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான், 'புரிஞ்சுது'. கேட்பவரின் மனத்திருப்திக்காகக் கேட்கப்படுகிற கேள்வி அது. விழிப்புணர்வு முகாம்களும் பாதி அப்படித்தான் நடக்கின்றன. பந்தல், பேனர், மைக், டீ, பிஸ்கட், ஒரு போட்டோ. எத்தனை பேர் வந்தார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். வந்தவர்களில் ஒருவரை ஒரு மாதம் கழித்துப் பார்த்து, அன்றைக்குச் சொன்னதில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்ட முகாம் ஒன்றை நான் கண்டதில்லை.

அப்படிக் கேட்டவர்கள் வேறோர் ஊரில் இருந்திருக்கிறார்கள். வங்கதேசம். அந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் கடையில் பேச்சை மாற்றினேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1971 போரில் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவுக்கு அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். எல்லையில் பன்காவ் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே கப்பில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. ஊசி குத்தத் தெரிந்த கை வேண்டாம், வீட்டு ஆளின் கையே போதும் என்று தெரிந்துபோயிற்று.

அடுத்த கேள்வி, அந்தக் கையை வீட்டுக்கு வீடு எப்படித் தயார்செய்வது. சுதந்திர வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் அதில் இறங்கியது. ஃபஸ்லே ஹசன் ஆபேத் ஆரம்பித்தது. உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடிப் பாக்கெட் எல்லா ஊருக்கும் போய்ச் சேராது. வீட்டில் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும். எல்லார் வீட்டிலும் உப்பு உண்டு, வெல்லம் உண்டு. அளவு கருவி? அதுவும் கையிலேயே இருந்தது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது கிட்டத்தட்ட அரை லிட்டர், தண்ணீர். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே சிட்டிகையை வாயால் சொல்லித்தந்தால் போதாது.

1980-இலிருந்து 1990 வரை பத்து வருஷம். இளம்பெண்கள் குழு குழுவாகக் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாக ஏறி, தாய்மாரோடு உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் முதலில் பத்து. அதிகம் என்று பட்டதும் ஏழாகக் குறைத்தார்கள். தாயே கலக்க வேண்டும், வந்த பெண் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். மொத்தம் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

எனக்குப் பிடித்த இடம் சம்பளக் கணக்கு. ஏறின வீட்டுக்கு இவ்வளவு என்று அந்தப் பெண்களுக்குக் கூலி கிடையாது. சில வாரம் கழித்துக் கண்காணிப்பாளர் ஒருவர் அந்த ஊருக்குப் போவார். சில வீடுகளைப் பொறுக்கி எடுத்து, அந்தத் தாயிடம் பாடங்களைக் கேட்பார். கரைசலைக் கலக்கச் சொல்வார். கலக்கியதை எடுத்துப்போய் லேபில் உப்பு அளவு பார்த்தார்கள். தாய் எத்தனை பாடத்தைச் சரியாகச் சொல்கிறாளோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவளுக்குப் பணம். தாய் மறந்திருந்தால் நஷ்டம் ஆசிரியைக்கு. பள்ளிக்கூடத்தில் இந்த விதியைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் செய்தும் ஆரம்பத்தில் ஒரு சிக்கல். தாய்மார் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், கரைசலும் சரியாகக் கலக்குகிறார்கள். குழந்தைக்குப் பேதி வந்தால் கொடுப்பது என்னவோ கொஞ்சம் பேர்தான். விசாரித்தால், கற்றுக்கொடுக்கப் போன பெண்களிலேயே பலர் தங்களுக்குப் பேதி வந்தபோது இதைக் குடிக்கவில்லை. உப்பு வெல்லத் தண்ணீரில் பேதி குணமாகும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இல்லை. அப்படியிருக்கச் சொல்லுகிற குரலில் அது தெரியாமல் இருக்குமா? நிறுவனம் அவர்களை மறுபடி உட்காரவைத்து, கரைசல் உடம்புக்குள் என்ன செய்கிறது, ஏன் வேலை செய்கிறது என்று விளக்கியது. இன்னொன்றும் கவனித்தார்கள். வீட்டில் முடிவெடுப்பது ஆண்கள். அவர்களிடம் யாரும் பேசவே இல்லை. கடைத்தெருவிலும் மசூதியிலும் போய் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். அப்புறம்தான் வழக்கம் மாறியது.

இந்தக் கதையிலிருந்து என் கடைக்கு நான் எடுத்துக்கொண்டது, மருந்து வாங்குபவரிடமே திருப்பிக் கேட்பது. "சரி, வீட்டுக்குப் போய் எப்படிக் கொடுப்பீங்க?" கேட்கிற தொனிதான் கஷ்டம். வயதானவரிடம் இதைக் கேட்டால் பரீட்சை வைப்பது போல ஆகிவிடும். "ஆச்சி, நான் வேகமாப் பேசிட்டேன். சரியாச் சொன்னேனா இல்லையான்னு தெரியல. நீங்க எப்படிப் போடுவீங்கன்னு ஒருவாட்டி சொல்லுங்க" என்று பழியை என் பக்கம் எடுத்துக்கொண்டால் பேசுவார்கள். சிலர் கவரையும் அட்டையையும் கையில் வாங்கிக் காட்டுவார்கள். அதுதான் வேண்டியது. எல்லா மருந்துக்கும் கேட்க நேரமில்லை; காய்ச்சல் மாத்திரைக்கும் கேஸ் மாத்திரைக்கும் கேட்பதில்லை. தப்பினால் ஆளுக்கு ஆபத்து என்று தெரிந்த சிலவற்றுக்கு மட்டும் கேட்கிறேன்.

இன்சுலின் அதில் முதல். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் 40 யூனிட் வகை, அதாவது 1 மில்லியில் 40 யூனிட். 100 யூனிட் வகையும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40-க்கு உரியதன் மூடி சிவப்பு, 100-க்கு உரியதன் மூடி ஆரஞ்சு. பார்வை மங்கிய சர்க்கரை நோயாளிக்குச் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? 20 யூனிட் போட வேண்டியவர் 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரைக்கும் இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சுகர் இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டிய பிறகு ஒரு நாள் வேறு கடையில் சரியான சிரிஞ்சு வாங்கிப் போட்டால் தாழ்நிலைச் சர்க்கரையில் மயங்கி விழுவார். இதற்கு நேர்மாறாக, 100 குப்பியில் சிவப்பு மூடி சிரிஞ்சைப் போட்டு அதே 20 கோடு வரைக்கும் இழுத்தால் 50 யூனிட். அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ்தான். ஆகவே சிரிஞ்சு கேட்டு வருபவரிடம் குப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொல்வேன். "சிரிஞ்சுக்குமா சீட்டு கேப்ப?" என்று கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

இன்னொன்று ஆஸ்துமாவுக்குத் தரும் ரோட்டாகேப். பார்க்கச் சாதாரண கேப்சூல் மாதிரியே இருக்கும். அதற்கென்று உள்ள கருவியில் வைத்துத் திருப்பி, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். தண்ணீரோடு விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவே மாட்டேங்குது என்பவர்கள் உண்டு. அவர்கள்மேல் என்ன குற்றம்? கேப்சூல் என்றால் விழுங்குவது என்றுதானே இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறோம். காலிக் கேப்சூல் ஒன்றையும் பழைய கருவி ஒன்றையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாயில் வைக்காமல் எப்படி மாட்டுவது, திருப்புவது என்று மட்டும் அவர்களையே செய்யச் சொல்வேன்.

படிக்காத ஜனத்துக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது என்று என் தொழிலில் இருப்பவர்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 2021 மே மாதத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. கொரோனா இரண்டாவது அலையில், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிற பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு அடிதடி. ஊருக்கு நாலைந்துதான் இருந்தது. தெருவே ஒன்றைப் பகிர்ந்துகொண்டது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கிற பெண்கள், "நேத்து 97, இன்னிக்கு 93 ஆயிட்டு, கூட்டிட்டுப் போயிரவா?" என்று போனில் கேட்டார்கள். மருதாணி போட்ட விரலில் சரியாகக் காட்டாது, விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கருவி கையில் இருந்தது, எண் ஒன்றே ஒன்றுதான், அதற்குக் கீழே போனால் என்ன செய்வது என்பது தெரியும். இவ்வளவு கொடுத்தபோது ஜனம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது.

அதே ஜனத்தை ஏமாற்றவும் அச்செழுத்து போதும். பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு வைத்த பெயர், ஓஆர்எஸ் என்ற மூன்று எழுத்து, அதற்குச் சாட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உப்பு வகைகளும் குளுக்கோஸும் சேர்த்து 20.5 கிராம் பொடி, 1 லிட்டர் தண்ணீர். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம். ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பெயரில் சேர்த்துக்கொண்டு, அட்டை டப்பாவில், பழப் படம் போட்டு, அதைவிடப் பல மடங்கு சர்க்கரையோடு பானங்கள் மெடிக்கல் கடைகளிலேயே விற்றன. பேதியில் கிடக்கிற பிள்ளைக்கு அவ்வளவு சர்க்கரை போனால் பேதி கூடத்தான் செய்யும். தாய்க்கு அது எப்படித் தெரியும்? அவர் விளம்பரத்தை நம்பி வாங்கவில்லை. ஓஆர்எஸ் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைத்தான் வந்து கேட்டார். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் தனி ஆளாக இதற்காகச் சண்டை போட்டார். 2025 அக்டோபரில், அந்த அளவுக்குப் பொருந்தாத எந்தப் பானமும் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்குபவர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் லேபிள் பொய் சொன்னால் அந்த விவரத்தால் பயனில்லை. இதில் மக்களுக்கு 'விழிப்புணர்வு' ஊட்ட ஒன்றுமில்லை. டப்பாவைத் திருத்த வேண்டியிருந்தது.

பாக்கெட் பொடியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "முழுசா ஒரு லிட்டர்ல கலக்குவீங்களா, இல்ல டம்ளருக்குக் கொஞ்சமாவா?" பாதிப் பேர் டம்ளர் என்பார்கள். பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் ஒரு டம்ளரில் உப்பு கரிக்கும், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு லிட்டர் என்பதைக் காட்ட வாட்டர் பாட்டிலே போதும், எல்லார் வீட்டிலும் காலி பாட்டில் கிடக்கிறது. ஆனால் சின்ன பாக்கெட்டும் வருகிறது, அது 200 மில்லிக்கு. எந்தப் பாக்கெட் என்று பார்த்துத்தான் பாட்டிலைக் காட்ட வேண்டும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கிற 300 மருந்து பிராண்டுகளில் க்யூஆர் கோடு போட வேண்டும் என்று விதி வந்தது. ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். போலி மருந்தைப் பிடிக்க நல்ல வழி. எப்படிச் சாப்பிடுவது என்பது அதில் இல்லை. அப்புறம், என் கடையில் பாதிப் பேர் வாங்குவது முழு அட்டை அல்ல. நாலு மாத்திரை, ஆறு மாத்திரை. கத்திரியில் வெட்டிக் கொடுக்கும்போது க்யூஆர் கோடு ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் போய்விடும். தேதி இருக்கிற முனையைக் கடைசிவரை வெட்டாமல் வைத்திருப்பது கடைக்காரன் பழக வேண்டிய முதல் ஒழுங்கு. அப்படி வைத்தால் கடையில் இருக்கும் மிச்சத்துக்குத் தேதி தெரியும், வாங்கிப் போனவருக்குத் தெரியாது. கவரில் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. கவரைத் தூக்கிப் போட்டுவிட்டால் அதுவும் போயிற்று.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. எங்கள் பக்கம் மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலப் பெண் அதே தெருவில் இருப்பவர், அக்கா, மதினி என்று உறவு சொல்லிக் கூப்பிடுகிறவர். அவர் போனமாத அட்டையில் மிச்சம் எத்தனை இருக்கிறது என்று எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, ஒம்பது நாளு போடவே இல்லையா?" என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். என் கடையில் நின்று நான் அப்படிக் கேட்க முடியாது. அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரமும் இன்னும் கொஞ்சம் சம்பளமும் கொடுத்தால் பிராக் பெண்கள் செய்ததை அவர் செய்துவிடுவார்.

நான் விடாப்பிடியாகக் கேட்கிற மருந்து ஒன்று உண்டு, மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் எழுதுவார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டியது. வைட்டமின் டி மாதிரி இதையும் தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணு குறைந்து உயிரே போகும். உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஆகவே கிழமையைச் சொல்லாமல் அட்டையைக் கொடுப்பதில்லை. ஒரு நாள் அதை வாங்க வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், வீட்டம்மாவோடு வந்திருந்தார்.

"என்னைக்குப் போடுவீங்க சார்?"

"வாரத்துக்கு ஒருநாள். டாக்டர் சொன்னாரு, எனக்குத் தெரியும். எனக்கே பாடம் எடுக்கியாடே?"

"கிழமை சொல்லுங்க சார்."

"வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்கோ."

வீட்டம்மா குறுக்கே வந்தார். "வெள்ளிக்கிழமை இவுக விரதம்லா. வெறும் வயித்துலயா போடுவாக? ஞாயித்துக்கிழமைன்னு எழுதுங்க தம்பி, அன்னைக்குத்தான் நான் வீட்ல இருப்பேன்." கவரில் மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, ஞாயிறு என்று பெரிதாக எழுதினேன். கூட எழுதியிருந்த ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில் போட வேண்டியது; அதற்குத் தனிக் கவர், புதன். அடுத்த மாதம் அவர் மட்டும் வந்தார். மறுபடி கேட்டேன். முறைத்துவிட்டு, ஞாயிறு என்றார். ஃபோலிக் ஆசிட்? கொஞ்சம் யோசித்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.